முதலீட்டுவழி கிரீன் கார்டு: எஃப்-1 மாணவர் நிலை எப்போது, எப்படி மாறுகிறது?

எச்-1பி என்னும் வேலை விசாவுக்கான புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதிக்கும் அறிவிப்பில் அமெரிக்க அதிபர் 2025 செப்டம்பர் 19 அன்று கையெழுத்திட்ட பிறகு, அங்கே படிக்கும் பிள்ளைகளுக்காக இபி-5 என்னும் முதலீட்டாளர் வழியைப் பற்றி விசாரிக்கும் இந்தியப் பெற்றோர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. விசாரிப்பவர்களிடம் இரண்டு எண்ணங்கள் அடிக்கடி தென்படுகின்றன. பணத்தைப் போட்டதுமே மாணவர் விசாவின் தளைகள் கழன்றுவிடும் என்பது ஒன்று. மனு போட்ட அன்றே மாணவர் விசா பறிபோய்விடும் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. முதலீடு மட்டும் யாருடைய மாணவர் நிலையையும் மாற்றுவதில்லை. அதைத் தொடர்ந்து வரும் சில தனித்தனிச் செயல்கள்தான் மாற்றுகின்றன. அவற்றுள் சில மாணவரின் கையிலேயே இருக்கின்றன.

அடிப்படை: விசாவும் நிலையும்

கடவுச்சீட்டில் ஒட்டப்படும் எஃப்-1 விசா, அமெரிக்க எல்லையில் போய் நின்று அனுமதி கேட்பதற்கான சீட்டு மட்டுமே. உள்ளே நுழைந்த பின் ஒருவர் சட்டப்படி எந்த வகையில் தங்கியிருக்கிறார் என்பது அவருடைய நிலை. விசாவின் தேதி முடிந்துபோனாலும், கல்லூரி வழங்கும் ஐ-20 என்னும் சேர்க்கைப் படிவம் செல்லுபடியாகி, முழுநேரப் படிப்பும் தொடர்ந்தால் எஃப்-1 நிலை உயிரோடுதான் இருக்கும். அந்த நிலையைக் கண்காணிப்பது கல்லூரியில் உள்ள டிஎஸ்ஓ என்னும் அலுவலரும், அவர் பதிவிடும் செவிஸ் என்னும் அரசுத் தரவுத்தளமும்.

இந்த நிலைக்குச் சட்டம் வைக்கும் அடிப்படை நிபந்தனை, மாணவருக்கு வெளிநாட்டில் ஒரு வீடு இருக்க வேண்டும், அதைக் கைவிடும் எண்ணம் அவருக்கு இருக்கக் கூடாது என்பது. குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு இன்னும் கடுமையானது: விசா கேட்டு வருபவர் குடியேறவே வருகிறார் என்று முன்கூட்டியே கருதிக்கொண்டு, அப்படி இல்லை என்று நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் வைக்கிறது. எச்-1பி, எல்-1 ஆகிய வேலை விசாக்களுக்கு இதிலிருந்து சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. அவற்றை வைத்திருப்பவர் தற்காலிகமாக வேலை செய்துகொண்டே நிரந்தரமாகக் குடியேறவும் முயலலாம். எஃப்-1க்கு அந்த விலக்கு இல்லை. இனிமேல் சொல்லப்போகும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

இபி-5 என்பது என்ன?

1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் உருவாக்கிய இந்தப் பிரிவுக்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 விசாக்கள் உண்டு. முதலீட்டாளரின் குடும்பத்தினரும் இந்தக் கணக்கிலேயே அடங்குவர். 2022 மார்ச் 15 அன்று கையெழுத்தான சீர்திருத்தச் சட்டத்தின்படி, முதலீட்டுத் தொகை பொதுவாக 10,50,000 டாலர். கிராமப்புறம், வேலையின்மை மிகுந்த பகுதி, அரசுக் கட்டமைப்புத் திட்டம் ஆகியவற்றில் 8,00,000 டாலர். ஒவ்வொரு முதலீட்டுக்கும் குறைந்தது 10 முழுநேர வேலைகள் உருவாக வேண்டும். பணம் இழப்புக்கு உள்ளாகக்கூடிய உண்மையான முதலீடாக இருக்க வேண்டும். திருப்பித் தருவதாக உத்தரவாதம் அளிக்கும் ஒப்பந்தம் செல்லாது. இதை வைப்புத்தொகை போல எண்ணும் பெற்றோர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

மாணவர்களைப் பொறுத்தவரை, 2022 சட்டம் செய்த பெரிய மாற்றம் தொகையில் இல்லை. அதற்கு முன்பு, முதலீட்டாளர் மனு ஏற்கப்பட்ட பிறகே கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பத்தைப் போட முடியும். அதற்கே ஆண்டுகள் ஆகும். இப்போது, அமெரிக்காவுக்குள் சட்டப்படி இருக்கும் ஒருவர், தம் பிரிவில் விசா எண், அதாவது ஆண்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம், உடனே கிடைக்கும் நிலை இருந்தால், ஐ-526இ என்னும் முதலீட்டாளர் மனுவையும் ஐ-485 விண்ணப்பத்தையும் ஒரே நேரத்தில் போடலாம்.

‘விசா எண் கிடைக்கும் நிலை’ என்பதில்தான் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு நுணுக்கம் இருக்கிறது. எந்த ஒரு நாட்டுக்கும் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பினால், ஒதுக்கீடற்ற பொதுப்பிரிவில் இந்தியர்களுக்குப் பல ஆண்டு வரிசை இருக்கிறது. ஆனால் கிராமப்புறத்துக்கு 20, வேலையின்மை மிகுந்த பகுதிக்கு 10, கட்டமைப்புத் திட்டங்களுக்கு 2 விழுக்காடு எனச் சட்டம் தனியே ஒதுக்கியிருக்கிறது. வெளியுறவுத் துறை மாதந்தோறும் வரிசை நிலவரத்தை வெளியிடும் விசா புல்லட்டின்களில், 2025இல் இந்த ஒதுக்கீட்டுப் பிரிவுகள் இந்தியர்களுக்கும் வரிசையின்றித் திறந்திருந்தன. இது மாதந்தோறும் மாறக்கூடியது. விண்ணப்பிக்கும் மாதத்தின் புல்லட்டினைப் பார்க்காமல் எடுக்கும் முடிவுக்கு மதிப்பில்லை.

நான்கு கட்டங்கள்: எஃப்-1 நிலைக்கு எப்போது என்ன ஆகிறது?

1. முதலீட்டாளர் மனு மட்டும் போட்ட கட்டம். மாணவர் நிலை அப்படியே நீடிக்கும். வகுப்புகள், வளாக வேலை, படிப்பு முடிந்தபின் அத்துறையில் வேலை செய்யக் கிடைக்கும் ஓபிடி என்னும் 12 மாத அனுமதி, அறிவியல் தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கான கூடுதல் 24 மாதங்கள் எல்லாம் வழக்கம்போலவே. ஐ-20ஐ நீட்டிப்பதற்கோ வேறு கல்லூரிக்கு மாறுவதற்கோ டிஎஸ்ஓ குடியேற்ற எண்ணத்தை விசாரிப்பதில்லை. மாறுவது ஒன்றுதான்: குடியேற விரும்புகிறேன் என்று மாணவர் கையெழுத்திட்ட ஓர் ஆவணம் அரசின் கோப்பில் இப்போது இருக்கிறது. அமெரிக்காவை விட்டு வெளியேறாதவரை அதனால் பெரிய பாதிப்பு இல்லை.

2. ஐ-485 நிலுவையில் உள்ள கட்டம். இங்கே மாணவருக்கு இரண்டு பாதுகாப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அமைகின்றன. எஃப்-1 விதிகளைத் தொடர்ந்து கடைப்பிடித்தால் அந்த நிலை தொடர்கிறது. அது போய்விட்டாலும், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை அவர் தங்குவது அனுமதிக்கப்பட்ட தங்கல் ஆகும். சட்டவிரோதத் தங்கலாக அது கணக்கிடப்படுவதில்லை. ஆனால் அனுமதிக்கப்பட்ட தங்கல் வேறு, சட்டபூர்வ நிலை வேறு. முன்னது விண்ணப்பத்தின் ஆயுளை மட்டுமே சார்ந்தது. ஐ-526இ மனு தள்ளுபடியானால் ஐ-485உம் கூடவே விழும். அன்று எஃப்-1 நிலையும் கையில் இல்லாதவருக்கு நிற்க இடமிருக்காது.

3. இடைக்கால அட்டைகளைப் பயன்படுத்தும் கட்டம். ஐ-485 உடன் சேர்த்து வேலை அனுமதி அட்டையும், அட்வான்ஸ் பரோல் என்னும் பயண அனுமதியும் கேட்கலாம். இவற்றைப் பெறுவதால் எஃப்-1 போவதில்லை, பயன்படுத்தினால் போகும். இதைப் பற்றிக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

4. கிரீன் கார்டு அங்கீகரிக்கப்படும் கட்டம். அந்த நாளிலேயே எஃப்-1 முடிவடைகிறது. ஒருவர் ஒரே நேரத்தில் மாணவராகவும் நிரந்தரக் குடியிருப்பாளராகவும் இரண்டு குடிவரவு நிலைகளில் இருக்க முடியாது. அட்டையின் நகலை டிஎஸ்ஓவிடம் கொடுத்தால் அவர் செவிஸ் பதிவை முடித்துவைப்பார். படிப்பை எந்தத் தடையுமின்றித் தொடரலாம். முழுநேரம் படித்தாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இனி இல்லை.

மூன்றாம் கட்டம்: உண்மையான முடிவு இங்கேதான்

நிலுவைக் கட்டத்தில் கிடைக்கும் வேலை அனுமதி அட்டை, ஓபிடி அட்டையைவிட மிகத் தாராளமானது. படிப்புக்குத் தொடர்புள்ள வேலையாக இருக்க வேண்டியதில்லை. 90 நாட்களுக்கு மேல் வேலையின்றி இருக்கக் கூடாது என்ற ஓபிடி வரம்பும் இல்லை. எச்-1பி குலுக்கலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். எனவே அட்டை கைக்கு வந்ததும் அதைக் காட்டி வேலையில் சேர்ந்துவிடும் ஆவல் இயல்பானதே. ஆனால் எஃப்-1 விதிகள் அனுமதிக்கும் வேலை வகைகளில் இது சேராது. இந்த அட்டையைக் காட்டி வளாகத்துக்கு வெளியே வேலைக்குச் சேர்ந்தவர் எஃப்-1 நிலையை விட்டுவிட்டார் என்றே பெரும்பாலான குடிவரவு வழக்கறிஞர்களும் டிஎஸ்ஓக்களும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வேலை சட்டவிரோதமானது அல்ல. ஆயினும் அன்றிலிருந்து அவர் ஐ-485 ஒன்றையே நம்பி நிற்கிறார்.

ஓபிடி தகுதி உள்ளவருக்கு இதில் ஒரு நல்ல மாற்று இருக்கிறது. ஓபிடிக்குத் தனியே விண்ணப்பித்து, வேலைக்குச் சேரும்போது அந்த அட்டையையே முதலாளியிடம் காட்டினால் எஃப்-1 தொடரும். ஐ-485 வழி வந்த அட்டை பெட்டிக்குள் இருக்கட்டும். முதலீட்டுத் திட்டம் தரமானதா, பணம் வந்த வழி ஆவணங்கள் வலுவானவையா என்பதில் ஐயம் இருக்கும்வரை எஃப்-1ஐ உயிரோடு வைத்திருப்பதே விவேகம் என்பது என் மதிப்பீடு. ஓபிடி முடிந்து, எச்-1பியும் கிடைக்காதவருக்கு அந்தத் தேர்வே இல்லை. அவர் நிலுவைக் கட்ட அட்டையைத்தான் பயன்படுத்தியாக வேண்டும்.

பயணம் இதைவிடச் சிக்கலானது. அட்வான்ஸ் பரோல் கிடைப்பதற்கு முன் எஃப்-1 மாணவர் அமெரிக்காவை விட்டு வெளியேறினால், அவருடைய ஐ-485 கைவிடப்பட்டதாகவே கருதப்படும். எச்-1பி, எல்-1 காரர்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு; மாணவருக்கு இல்லை. அக்காவின் கல்யாணம், தாத்தாவின் உடல்நலக் குறைவு என்று அவசரமாக ஊருக்குப் புறப்படுபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அட்வான்ஸ் பரோலோடு போய்த் திரும்பினால் விண்ணப்பம் தப்பும். ஆனால் திரும்பி நுழையும்போது அவர் மாணவராக அனுமதிக்கப்படுவதில்லை, பரோல் என்னும் தற்காலிக அனுமதியில் உள்ளே விடப்படுகிறார். ஆகவே எஃப்-1 அங்கேயே முடிந்துவிடுகிறது. அப்படியானால் கையிலிருக்கும் எஃப்-1 விசாவிலேயே நுழையலாமா? குடியேற விண்ணப்பித்திருக்கும் ஒருவர், குடியேறும் எண்ணம் இல்லை என்ற அடிப்படையில் எல்லையில் அனுமதி கேட்பது அது. கேட்கக் கூடாத அனுமதி.

சென்னையில் விசா ஸ்டாம்பிங்: உண்மையைச் சொல்வதன் விலை

இந்தியாவிலிருந்தபடியே இபி-5 மனு போட்டுவிட்டு, அதன் பிறகு மாணவர் விசாவுக்குப் போகிறவர்களின் நிலைமை வேறு. விசாவுக்கான டிஎஸ்-160 படிவம், உங்கள் சார்பில் குடியேற்ற மனு எதுவும் தாக்கல் செய்யப்பட்டிருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கிறது. ‘ஆம்’ என்றால் விசா கட்டாயம் மறுக்கப்படும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் 214(பி) மறுப்புக்கு வலுவான காரணம் ஒன்று அதிகாரியின் கையில் கிடைத்துவிடுகிறது. ‘இல்லை’ என்று பொய் சொன்னால் விளைவு மிக மோசம். உண்மையை வேண்டுமென்றே மறைத்து விசா பெறுவது வாழ்நாள் முழுவதற்குமான நுழைவுத் தடைக்குரிய குற்றம். எட்டு லட்சம் டாலர் முதலீடு செய்த கிரீன் கார்டும் அதோடு போய்விடும்.

மாணவர் விசாவில் நுழைந்த கையோடு ஐ-485 போடுவதும் இதே ஆபத்தின் மறுபக்கம். நுழைந்த 90 நாட்களுக்குள் விசாவின் நோக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டால், விசா கேட்டபோதே பொய் சொன்னார் என்று அனுமானிக்க வெளியுறவுத் துறையின் கையேடு இடமளிக்கிறது. குடிவரவு மனுக்களைப் பரிசீலிக்கும் அரசு அமைப்பான யுஎஸ்சிஐஎஸ் அந்தக் கையேட்டுக்குக் கட்டுப்பட்டதல்ல என்றாலும், வழக்கறிஞர்கள் அந்த இடைவெளியை மதித்தே ஆலோசனை சொல்கிறார்கள். ஆகவே வரிசை முக்கியம்: உண்மையாகவே படிக்கப் போய், சில பருவங்கள் படித்து, சூழ்நிலை மாறி, பிறகு உள்ளிருந்தபடியே விண்ணப்பிப்பவருக்கு இந்தச் சிக்கல்கள் மிகக் குறைவு.

இன்னொரு மாற்றத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இதுவரை மாணவர்களுக்குப் படிப்பு முடியும்வரை என்று தேதி குறிக்காமல் அனுமதி தரும் வழக்கம் இருந்தது. இதை மாற்றி, அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று தேதி குறிக்கும் விதியை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 ஆகஸ்டில் முன்மொழிந்தது. இத்தகைய விதியில், நீட்டிப்பு டிஎஸ்ஓவின் மேசையிலிருந்து யுஎஸ்சிஐஎஸ்-இன் மேசைக்குப் போகும். அதே அலுவலகத்தில்தான் இபி-5 மனுவும் இருக்கும்.

யார் முதலீட்டாளர்: பெற்றோரா, பிள்ளையா?

குடும்பங்கள் பெரும்பாலும் தவறாகக் கணக்கிடும் இடம் இது. முதலீட்டாளருடன் அவருடைய வாழ்க்கைத் துணையும், 21 வயதுக்குக் கீழ் உள்ள திருமணமாகாத பிள்ளைகளும் மட்டுமே கிரீன் கார்டு பெறலாம்.

அப்பா முதலீட்டாளராக இருந்து கோயம்புத்தூரிலேயே வசித்தால், அவருக்கான விசா தூதரகம் வழியாகவே வரும். அவர் நிரந்தரக் குடியிருப்பாளர் ஆகும்வரை, அவரைச் சார்ந்து வரும் மகள் அமெரிக்காவில் ஐ-485 போட முடியாது. ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும் வசதி அவளுக்குப் பயன்படாது. அதற்குள் 21 வயது கடந்துவிடும் அபாயமும் உண்டு. மனு நிலுவையில் இருந்த காலத்தை வயதிலிருந்து கழிக்கும் பாதுகாப்புச் சட்டம் ஓரளவுக்கே உதவும். 2025 ஆகஸ்ட் 15 முதல் அந்த வயதைக் கணக்கிடும் முறையையும் யுஎஸ்சிஐஎஸ் இறுக்கிவிட்டது.

இதனால் பல குடும்பங்கள் பிள்ளையையே முதலீட்டாளராக்கி, பணத்தை அன்பளிப்பாகக் கொடுக்கின்றன. சட்டம் இதை அனுமதிக்கிறது. ஆனால் அப்போது பெற்றோருக்குக் கிரீன் கார்டு கிடைக்காது. பிள்ளை அமெரிக்கக் குடிமகன் ஆகி, 21 வயதும் நிரம்பிய பிறகே பெற்றோருக்காக மனு போட முடியும். குடும்பத்தோடு குடியேறுவதே நோக்கம் என்றால் இந்த ஏற்பாடு பொருந்தாது.

பணம் அனுப்புவதிலும் வரம்பு இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். அப்பாவும் அம்மாவும் மார்ச்சில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை எனத் தனித்தனியே அன்பளிப்பு அனுப்பினால் பத்து லட்சம் டாலர் வரை சேரும். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய தொகைக்கு வங்கி 20 விழுக்காடு வரியை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் முடங்கும். கொடுத்தவருக்கு அந்தப் பணம் எப்படி வந்தது, எந்தக் கணக்குகள் வழியே போனது என்பதையும் யுஎஸ்சிஐஎஸ் ஆராயும். நிலம் விற்ற பணத்தில் பத்திர மதிப்புக்கு மேல் கைமாறிய ரொக்கத்தை அங்கே காட்ட முடியாது.

கிடைத்த பிறகு மாறுபவை

கல்விச் செலவில் பயன் உண்டு, ஆனால் கிரீன் கார்டு வந்த பிறகே. முதலில் கிடைக்கும் இரண்டாண்டு நிபந்தனையுள்ள கிரீன் கார்டு வந்ததுமே கூட்டாட்சி அரசின் மாணவர் உதவிக்கு விண்ணப்பிக்கும் தகுதி வருகிறது. ஐ-485 நிலுவையில் இருப்பவருக்கு அந்தத் தகுதி இல்லை. குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் மட்டுமே உரிய தேசிய அறிவியல் நிறுவனத்தின் முதுநிலை ஆய்வு உதவித்தொகை போன்றவையும் திறக்கின்றன. அரசுப் பல்கலைக்கழகங்களின் உள்மாநிலக் கட்டணத்துக்கு மாநிலந்தோறும் தனி விதிகள். பொதுவாக ஓராண்டு வசிப்பைக் காட்ட வேண்டியிருக்கும்.

மறுபுறம் வரிச் சுமை கூடுகிறது. எஃப்-1 மாணவர் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு, வரிக் கணக்கில் வெளிநாட்டவராகவே பொதுவாகக் கருதப்படுவார். சமூகப் பாதுகாப்பு வரிப் பிடித்தமும் இல்லை. கிரீன் கார்டு வந்ததும் உலகளாவிய வருமானம் முழுவதும் அமெரிக்க வரிக்கு உட்படுகிறது. மதுரை வீட்டு வாடகை, இந்திய வைப்புத்தொகை வட்டி எல்லாம் இதில் அடங்கும். இந்தியக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலருக்கு மேல் ஒரு நாள் இருந்தாலும் தனி அறிக்கை தர வேண்டும். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு அமெரிக்க வரிச்சட்டம் தண்டனை போன்ற ஒரு முறையில் வரி விதிக்கிறது. அட்டை வருவதற்கு முன்பே அவற்றை என்ன செய்வது என்று வரி ஆலோசகரிடம் பேசிவிடுவது நல்லது. 18 முதல் 25 வயது வரையிலான ஆண்கள், எஃப்-1இல் இருந்தவரை தேவைப்படாத ‘செலக்டிவ் சர்வீஸ்’ பதிவுக்கும், அதாவது கட்டாய ராணுவச் சேவைக்கு ஆள் எடுக்க நேர்ந்தால் அழைப்பதற்கான பதிவுக்கும், உட்படுகிறார்கள்.

கோல்டு கார்டு வேறு

எச்-1பி கட்டண அறிவிப்பு வந்த அதே நாளில் அறிவிக்கப்பட்ட கோல்டு கார்டையும் இபி-5ஐயும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் தனிநபர் தரும் பத்து லட்சம் டாலர் அரசுக்கான நன்கொடை, திரும்பி வராது. அது இபி-1, இபி-2 பிரிவுகளின் விசா எண்களையே பயன்படுத்துவதால், இபி-5இன் ஒதுக்கீட்டுப் பிரிவுகள் தரும் வசதி அதற்கு இல்லை.

தேதிகளும் இரண்டாண்டு நிபந்தனையும்

பலரின் முதலீட்டைத் திரட்டித் திட்டங்களில் போடும் பிராந்திய மையங்கள் வழியான இபி-5 திட்டத்துக்கு 2027 செப்டம்பர் 30 வரை அனுமதி இருக்கிறது. திட்டம் பின்னர் காலாவதியானாலும் மனு தொடர்ந்து பரிசீலிக்கப்பட வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு, 2026 செப்டம்பர் 30 வரை போடப்படும் மனுக்களுக்கே உண்டு. 2027 ஜனவரி முதல் முதலீட்டுத் தொகை பணவீக்கத்துக்கு ஏற்ப உயரும். தரகர்கள் இந்தத் தேதிகளைக் காட்டி அவசரப்படுத்துவார்கள். தேதிகள் உண்மைதான், ஆனால் மோசமான திட்டத்தில் காலத்தோடு போட்ட பணமும் மோசமான முதலீடுதான்.

முதலில் கிடைப்பது இரண்டாண்டு நிபந்தனையுள்ள அட்டை. இரண்டாம் ஆண்டு நிறைவுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-829 மனுவைப் போட்டு, முதலீடு நீடித்ததையும் வேலைகள் உருவானதையும் காட்ட வேண்டும். மனு நிலுவையில் உள்ள காலத்துக்கு அட்டையின் செல்லுபடி நீட்டிக்கப்படும். குடியுரிமைக்கான ஐந்து ஆண்டுக் கணக்கும் நிபந்தனைக் காலத்தின் முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் ஐ-829 மறுக்கப்பட்டு நிரந்தர வசிப்புரிமை பறிக்கப்பட்டால், முன்பு இருந்த எஃப்-1 நிலை தானாக உயிர்பெறாது. அப்போது முனைவர் பட்டத்தின் நடுவில் இருக்கும் மாணவர் ஊர் திரும்பி, புதிய ஐ-20 வாங்கி, ஒருமுறை குடியேற முயன்றவர் என்ற பதிவோடு அதே 214(பி) கேள்விக்குச் சென்னைத் தூதரகத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.